புளியங்குளத்துத் தவறணையின் இரண்டாவது முட்டி

கள்ளுத் தவறணை மனேச்சர் நல்லையா காலமான செய்தியைக் கிளிநொச்சிச் சந்தியில் யாழ்ப்பாண பஸ் கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி எனக்குச் சொன்னான்.

"அண்ணை, நல்லையர் போட்டாராம்."

"எங்கை போட்டார்?"

"மேலை."

"ஆர் கண்டது?"

"ஆர் காணேல்லை எண்டு கேளுங்கோ. ஸ்கந்தபுரம் முழுக்க அங்கைதான் நிக்குது."

நான் நம்பவில்லை. நல்லையர் சம்பந்தப்பட்ட எதையும் முதல் தடவையிலேயே நம்பிய மனிதன் பளையிலிருந்து வவுனியா வரைக்கும் பிறக்கவில்லை. ஆகவே நேரில் போனேன். கிடத்தியிருந்தவரின் முகத்துக்கு நேரே குனிந்து நீண்ட நேரம் பார்த்தேன். பக்கத்தில் நின்ற, வயல் செய்யும் கமக்காரன் கணபதி என் தோளைத் தொட்டான்.

"இன்னும் என்ன அண்ணை பாக்கிறியள்?"

"மூச்சு விடுறாரோ எண்டு."

"நானும் விடியத் துவக்கம் அதைத்தான் பாக்கிறன்."

இந்தக் கணபதியும் நானும் ஒரு காலத்தில் நல்லையரின் சபையில் அன்றாடம் கூடியவர்கள். சபை என்றால் சாதாரண சபை அல்ல. கொழும்பிலே வெள்ளைக்காரர்கள் மெழுகு பூசிய தரையில் வாத்தியத்துக்கு ஆடிக் குடிக்கும் மண்டபங்கள் இருப்பதாகச் சொல்வார்கள். இருக்கட்டும். கண்டி வீதிக்குப் பின்னால், கிடுகு வேய்ந்து, பனங்குற்றிகளை ஆசனமாக இட்டிருந்த எங்கள் புளியங்குளத்துத் தவறணைக்கு முன்னால் அவை வெறும் தேத்தண்ணிக் கடைகள். எங்களுக்கு வாத்தியம் வாசித்தவை குளத்துத் தவளைகள். கோழிப்பொரியல் வாசத்துக்கு மதவாச்சியிலிருந்து நாய்கள் நடந்து வந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அங்கே குடியேற்றத்திட்டக் கமக்காரரும், மரம் விற்கும் மரக்காலைக்காரரும், நெல் வியாபாரிகளும் ஒரே மணலில் இருந்தார்கள். லொறிக்கு லோடு பேசுவது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசுவது, வாய்க்கால் சண்டையைத் தீர்ப்பது, அடுத்த சண்டையைத் தொடக்குவது எல்லாம் அங்கேதான்.

இந்த இந்திரலோகத்தின் அதிபதி நல்லையர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. அவரிடம் ஒரேயொரு குறை. அவர் குடிப்பதில்லை.

ஒரு சொட்டும் இல்லை. விரலில் பட்டால்கூடச் சால்வையில் துடைத்துக்கொள்வார். சமைத்தவன் தன் கறியைத் தொடாமல் இருந்தால் நீங்கள் சாப்பிடுவீர்களா? கணபதி ஒருநாள் கேட்டே விட்டான்.

"மனேச்சர், உள்ளதைச் சொல்லுங்கோ. நீங்கள் ஏன் குடிக்கிறேல்லை?"

"கண்டக்டர் ரிக்கற் வாங்கிறவனோ தம்பி?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எல்லோரும் தத்தம் பிளாவுக்குள் எட்டிப் பார்த்தோம். பனையோலையில் கோலிய அந்தக் குவளைக்குள் இருப்பது கள்தானா, கிணற்றின் கருணையா என்ற கேள்வி அன்றிலிருந்து எங்களை விடவில்லை. குடிக்காதவன் எதையோ மறைக்கிறான் என்பது எங்கள் சபையின் அடிப்படைச் சட்டம். அப்படிப்பட்டவனோடு லோடு பேசவும் மாட்டோம், சம்பந்தம் பேசவும் மாட்டோம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. கள் நிறைத்த மண்முட்டி சபையின் நடுவே இருக்க வேண்டும். எல்லோருக்கும் அதே முட்டியிலிருந்து, எல்லோர் கண்முன்னாலும் வார்க்க வேண்டும். தண்ணீர் கலந்தால் எல்லோருக்கும் கலக்கட்டும், தேன் வடிந்தால் எல்லோருக்கும் வடியட்டும் என்பது ஏற்பாடு. இந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றவன் ஒருவன்தான். லொறி றைவர் துரை.

துரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வது அவனுக்குச் செய்யும் அவமரியாதை. பளையின் தென்னந்தோப்புகளிலிருந்து எங்கள் கள் அவனுடைய லொறியில்தான் வந்தது. இறக்கிவிட்டு, எங்களோடு இருந்து, நாங்கள் மூவர் குடிப்பதைத் தனியே குடிப்பான். பிறகு எழுந்து நெல் மூட்டைகளையும், அவற்றின்மேல் ஊருக்குப் போகும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு, நூல் பிடித்தாற்போல் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டுவான். தள்ளாட்டமில்லை, நாக்குக் குழறலில்லை. மாங்குளக் காட்டு யானைகள் அவனுடைய லொறிச் சத்தம் கேட்டால் வீதியோரம் ஒதுங்கித் தும்பிக்கை தூக்கும் என்பது வன்னி முழுவதற்கும் தெரியும். "குடிச்சாலும் துரை மாதிரிக் குடிக்கோணும்" என்று வியாபாரிகள் தங்கள் லோடுகளை அவனுக்கே கொடுத்தார்கள்.

ஆனால் துரையின் பிளா வெறுமையானதும் நல்லையர் நடு முட்டியைத் தொடமாட்டார். சாக்குத் திரைக்குப் பின்னால் போய் நிரப்பிக்கொண்டு வருவார். அங்கே இன்னொரு முட்டி இருந்தது.

முதலில் கண்டவன் கணபதி. "கொண்டுவாறவன் நல்லதைத் தனக்கு எடுத்து வைக்கிறான், மனேச்சர் உடந்தை. எங்களுக்குக் கிணத்துத் தண்ணி!" என்றான். எனக்கு அந்த வாதம் அப்பழுக்கில்லாததாகத் தோன்றியது. உடனே ஒரு விசாரணைக் குழு நிறுவி, வேறு எவரும் போட்டியிடாதபடியால் நானே அதற்குத் தலைவரானேன்.

சிறுபோக அறுவடை முடிந்த ஒரு பின்னேரம் சபை நிறைந்திருந்தது. குத்தகை முதலாளி தவறணையைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக இருந்தது. கணபதி எழுந்தான்.

"மனேச்சர், அந்த முட்டியை இஞ்சை கொண்டு வாங்கோ. எல்லாரும் ஒரு வாய் பாப்பம்."

"அது றைவரின்ர முட்டி."

"றைவருக்குத் தனிச் சாதிக் கள்ளோ?"

"தம்பி, ஊத்திறவன் ஆர் என்னத்தைக் குடிச்சவன் எண்டு கதைக்கப்படாது. கதைச்சால் அது தவறணை இல்லை, பொலிசு."

"ஒரு வாய் தந்தால் பிரச்சினை முடிஞ்சுது. தாறியளோ? இல்லாட்டி முதலாளி வரட்டும், சொல்லுறன்."

அந்தச் சொல்லின் கனம் எல்லோருக்கும் விளங்கியது. நல்லையரின் வேலை மட்டுமல்ல, தவறணைக்குப் பின்னால் அவரும் மனைவியும் பிள்ளைகளும் இருந்த வீடும் முதலாளியுடையது. நான் துரையைப் பார்த்தேன். யானைகள் வணங்கிய மனிதன் தன் பிளாவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

நல்லையர் திரைக்குப் பின்னால் போனார். முட்டியை இரு கைகளாலும் ஏந்தி, சபை நடுவே கொண்டு வந்தார். எல்லோரும் பிளாவை நீட்டினோம். அவர் கைகளை விரித்தார்.

முட்டி எங்கள் கால்களுக்கிடையில் உடைந்து சிதறியது. மணல் ஒரே வாயில் எல்லாவற்றையும் குடித்துவிட்டது.

"கை வழுக்கிப்போட்டுது," என்றார்.

அந்தக் கை வழுக்கியதென்று நம்பியவன் அங்கே ஒருவனும் இல்லை. முதலாளி வந்தார், கணபதி சொன்னான், தண்ணீர் கலந்த மனேச்சர் என்ற பெயரோடு நல்லையர் வீட்டைக் காலி செய்து, ஸ்கந்தபுரத்தில் ஒரு காணித்துண்டை வெட்டித் துப்புரவாக்கப் போனார். அவர்களுடைய கதிரையையும் அலுமாரியையும் துரைதான் தன் லொறியில் ஏற்றிப் போனான். அதையும் சந்தேகித்தோம். பிறகு துரை எங்கள் சபைக்கு வருவது நின்றது. புது மனேச்சரின் கள்ளில் சுவையில்லை என்றானாம். அதைக் கேட்டதும் எங்கள் வழக்கு நிரூபணமாகிவிட்டதாகவே நாங்கள் தீர்மானித்தோம்.

போன கிழமை நல்லையருடைய எட்டுச் செலவு. செத்தவர் விரும்பித் தின்றதையும் குடித்ததையும் படைக்கும் நாள். என்ன படைக்கிறார்கள் என்று பார்க்கவே நான் நேரத்தோடு போனேன். இத்தனை காலமும் ஒளித்துக் குடித்திருந்தால் அன்றைக்கு வெளிப்பட்டே தீரும் அல்லவா? இலையில் சோறு, மீன்குழம்பு, பனங்கிழங்கு, வெற்றிலை எல்லாம் இருந்தன. போத்தல் மட்டும் இல்லை.

அப்போது துரை வந்தான். தலை வெளுத்திருந்தது, லொறியை மகனிடம் கொடுத்துவிட்டானாம். கையில் ஒரு முட்டி. நேரே படையலுக்குப் போய் இலையருகே வைத்தான்.

கணபதி முட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "இதென்ன, கள்ளோ?"

"குடிச்சுப் பார்."

கணபதி ஒரு வாய் எடுத்தான். முகம் சுருங்கியது. "இளநியும் கஞ்சித்தண்ணியும்!"

"அதுதான் என்ர முட்டி. நான் அவரிட்டைக் குடிச்சதெல்லாம் இதுதான். உங்கடை சபைக்கு வரமுந்தி ஒருநாள் வெறியிலை லொறியை மதகுக்குள்ளை விழுத்தினன். மூட்டைக்கு மேலை பொம்பிளையள், ஒருத்தி பிள்ளைத்தாச்சி. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, முருகன் காப்பாத்தினான். அண்டைக்கே விட்டன். ஆனால் குடிக்காதவனுக்கு நீங்கள் லோடு தருவியளோ? மனேச்சரிட்டை அழுதன். 'நீ வா, நான் பாக்கிறன்' எண்டவர்."

"அண்டைக்கு நீ சொல்லியிருக்கலாமே!"

"வாயைத் திறக்கப் போனன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலை திறக்க முடியேல்லை. வீட்டிலை நாலு பிள்ளையள், கணபதி."

கணபதி முட்டியை இலையருகே திரும்ப வைத்தான். அவனால் கையை அதிலிருந்து எடுக்க முடியவில்லை.

நல்லையரின் மனைவி சிவபாக்கியம் அக்கா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா.

"உங்களுக்குத் தெரியுமோ அக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாது தம்பி. தண்ணி கலந்தவர், அதாலை வேலை போனது எண்டுதான் நானும் இருந்தனான். பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லி வளர்த்தன், அப்பாவைப்போலக் கலப்படம் செய்யப்படாதெண்டு. அவர் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்." அக்கா முட்டியைப் பார்த்தா. "ஒவ்வொரு நாளும் என்ர சோத்துப்பானைக் கஞ்சியை வடிச்சு, சால்வையாலை மூடிக் கொண்டுபோவார். ஆரோ ஒருத்திக்கு எண்டெல்லோ நான் நினைச்சிருந்தன். சாகுமட்டும் அதைக் கேக்கவுமில்லை."

பிறகு, "ஒருக்கால் சொல்லியிருக்கலாம் இந்த மனிசன்," என்று சொல்லி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா. மகன்மார் இருவரும் படையலைப் பார்த்தபடி நின்றார்கள். மூத்தவன்தான் முதலில் குனிந்து, அந்த முட்டியைத் தகப்பனின் படத்துக்கு இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தான்.

நல்லையரை அறிந்தவர்களே, இதை எழுதச் சொன்னவன் துரை. அவருக்குக் கள்ளப் பெயர் சூட்டிய வாய்கள் புளியங்குளம் முழுக்க இருந்தன. ஆகவே இது புளியங்குளம் முழுக்க வாசிக்கப்பட வேண்டும் என்றான். நானும் அதை விரும்புகிறேன், அவன் சொன்னதை இரண்டு தரம் விசாரித்த பிறகு.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். இந்தக் கிழமை ஒரு கலியாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் நாங்கள் கூடியிருந்தபோது, ஓர் இளந்தாரி தன் முன்னால் வைத்த கிளாசை மெல்ல அப்பால் தள்ளிவிட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாயிருந்தது என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவீர்கள்.