அட்டையில் உள்ள பத்துப் பாட்டு

எங்கள் வீட்டில் ஒரு கசற் இருக்கிறது. முருகன் பாட்டுகள், ஒரு பக்கத்தில் ஐந்து, மற்றப் பக்கத்தில் ஐந்து. கலியாணம் முடித்த புதிதில் இவர் யாழ்ப்பாணத்தில் வாங்கியது. இடம்பெயர்ந்து திரிந்த காலம் முழுக்க அரிசி வாளிக்குள் கிடந்து எங்களோடு வந்தது. இப்போது நாடாவெல்லாம் பூஞ்சணம். போட்டுக் கேட்க றேடியோவும் இல்லை.

போன தை மாதம் இவருக்குக் கண் மங்கிப்போனது. வயலுக்குப் போக முடியாமல் கதிரையிலேயே இருந்தார். ஒரு நாள், "அந்தக் கசற்றைக் கேட்டால் நல்லாயிருக்கும்" என்றார். ஒன்றும் கேட்காத மனுசன் வாய் திறந்து கேட்டுவிட்டார்.

முரசுமோட்டையில் பஸ் ஏறிப் பரந்தனுக்குப் போனேன். போன் கடையில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். எனக்குக் கதைக்கக் கூச்சம். பின்னால் வந்த இரண்டு பேரை முன்னுக்கு விட்டேன். பிறகுதான் கசற்றையும், மகள் வாங்கித் தந்த சின்னப் பாட்டுப்பெட்டியையும் மேசையில் வைத்தேன்.

"இதிலை இருக்கிறதை இதுக்குள்ளை இறக்கித் தருவியளோ, பிள்ளை?"

"கசற் தேவையில்லை அம்மா. எல்லாப் பாட்டும் இன்ரநெற்றிலை கிடக்கு. அதிலையிருந்து இறக்கலாம்."

"அது ஆற்றை பாட்டு?"

"ஆரோ போட்டு விட்டிருக்கினம்."

"பாடினவருக்குத் தெரியுமோ?"

அவள் சிரித்தாள். "அது எனக்குத் தெரியாது. நீங்கள்தான் அப்பவே வாங்கிட்டியளே. பேந்தென்ன களவு?"

களவு என்ற சொல்லை நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். ஆனால் அது என் நெஞ்சில் போய் இருந்துகொண்டது. இவரை எனக்குத் தெரியும். முகாமில் இருந்தபோது நிவாரணத்தில் ஒரு மாப் பைக்கற் கூடுதலாக வந்துவிட்டது என்று, வெயிலில் திரும்பவும் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தவர். "நிவாரண அட்டையிலை உள்ளது போதும்" என்பார். களவுப் பாட்டு என்று தெரிந்தால் பெட்டியைத் தொடவும் மாட்டார்.

எங்களிடமும் அட்டை இருக்கிறதே என்று அப்போதுதான் நினைவு வந்தது. கசற் பெட்டியைத் திறந்து, பாட்டுகளின் பெயர் அச்சடித்த அட்டையை எடுத்தேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரண அட்டையை நீட்டுவதுபோல நீட்டினேன்.

"இந்த அட்டையிலை உள்ளதை மட்டும் போடுங்கோ."

"இன்னும் இருநூறு பாட்டுப் பிடிக்கும் அம்மா. சும்மா போட்டு விடட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. அதுகள் நாங்கள் வாங்காதது."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அட்டையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடிப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து பாட்டை வைத்தேன். நான் நினைத்ததுபோலவே இவர் கேட்டார்.

"ஆற்றை பாட்டு இது?"

"எங்கடைதான். அட்டையைப் பாத்துத்தான் போட்டது." அட்டையை அவர் கையில் வைத்தேன். கண்ணுக்கு எழுத்துத் தெரியாது. ஓரம் கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஒரு பாட்டு முடிய ஒரு விரலை மடக்கிக்கொண்டு கேட்டார். பத்து விரலும் மடங்கிவிட்டன. பெட்டி நிற்கவில்லை. பதினோராவது பாட்டுத் தொடங்கியது. அந்தப் பிள்ளை ஆசைக்கு ஒன்று போட்டு விட்டிருக்கிறாள்.

"இது அட்டையிலை இல்லை" என்றார்.

"நிப்பாட்டவோ?"

மடக்கிய விரல்களை விரித்தார். "பாடத் தொடங்கிட்டார். இடையிலை நிப்பாட்டினால் மரியாதையில்லை. இண்டைக்கு மட்டும் விடும்."

அன்றிலிருந்து பத்தாவது பாட்டு முடிந்ததும் பெட்டியை நிறுத்துவது அவருடைய வேலை. சில நாட்களில் பதினோராவதும் பாடுகிறது; கேட்டால், கை எட்டவில்லை என்கிறார். பெட்டி அவர் மடியில்தான் இருக்கிறது.