மாதா விளக்கை அணைத்த வெளிச்சம்

2025ஆம் ஆண்டு நவம்பர் பதினைந்தாம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு வீட்டுத் தரகர் அண்ணன் கைப்பேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

“இன்னா பாப்பா, வூட்ட போட்டோ எடுக்கச் சொன்னா கெணத்த எடுத்து அனுப்பிக்கீற?”

அவர் சொன்னதில் பிழையில்லை. நான் அனுப்பியிருந்த படங்களில் ஜன்னல் மட்டும் வெள்ளைத் தாளை ஒட்டியதுபோல் தெரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு. ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில், முதல் மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. தேக்குச் சட்டங்கள் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை, சிவப்புச் சிமென்ட் தரை, கிழக்கு பார்த்த ஒரே பெரிய ஜன்னல். உள்ளே வாழ்பவர்களுக்கு அது இருட்டு வீடாகத் தோன்றுவதில்லை. கண் சற்று நேரத்தில் பழகி, மூலையில் இருப்பதையும் எடுத்துக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அது ஜன்னலைப் பார்த்துக் கூசி, வீட்டைக் கைவிட்டுவிடுகிறது. அந்த வாரம் முழுவதும் மழை மேகம் வேறு.

அந்தப் படங்களை நம்பித்தான் அப்பாவின் மாலைப் பொழுதுகள் இருந்தன. அப்பா கிரேன் ஓட்டுபவர். சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவரை நடந்தே வீட்டுக்கு வருவார். எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறிய பிறகு, வேலை முடிந்ததும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு இடையே இருசக்கர வண்டியை நுழைத்து நுழைத்து வருகிறார். சில நாட்களில் சாலையில் செலவான நேரம், வீட்டில் விழித்திருந்த நேரத்தைவிட அதிகம். சாப்பிடும்போதே கண் சொருகிவிடும். திருவொற்றியூரில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். எண்ணூரிலிருந்து வரும்போது, லாரி வரிசை தொடங்கும் இடத்துக்கு முன்பே அந்த வீடு வந்துவிடும். அதன் உரிமையாளர் மாத இறுதிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ராயபுரம் வீட்டுக்குக் குடித்தனம் வந்து, அந்த வாடகை கைக்கு வந்தால்தான் நாங்கள் அங்கே போகமுடியும். இரண்டு மாதங்களாக யாரும் மாடிப்படி ஏறவில்லை.

“ஏஐ-ல போடு பாப்பா,” என்றார் தரகர் அண்ணன். “அடையாறுல கீறவன்லாம் அப்டித்தான் போட்டுகினு கீறான். மாட்டுக் கொட்டாய உள்ள வுட்டா பங்களாவா வெளிய வருது.”

“பொய்ப்படம் போட மாட்டேன் அண்ணா.”

“இதுல இன்னா பொய்யி? வூட்டுக்கு வர்றவனுக்கு டியூப்லைட்டு போட்டுதான காட்டுவ? அது பொய்யா? போவியா…”

விவாதத்தில் அவர் வென்றுவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் அழைப்பைத் துண்டித்திருந்தார்.

வெளிச்சத்தைக் கூட்டும் வசதி எல்லாக் கைப்பேசியிலும் உண்டு. அதை நான் முன்பே முயன்றிருந்தேன். இழுக்க இழுக்கப் படம் சாம்பல் பூத்து, இருட்டெல்லாம் அரிசி மாவு தூவியதுபோல் புள்ளி புள்ளியாயிற்று. செயற்கை நுண்ணறிவுச் செயலி அவ்வாறு செய்யவில்லை. கூடத்தின் படத்தைக் கொடுத்து, “ஒரு நல்ல பகல் பொழுதில் இந்த அறை எப்படி இருக்குமோ அப்படிக் காட்டு, எதையும் சேர்க்காதே” என்று தமிழிலேயே எழுதினேன். சில நொடிகள் சென்றன. பிறகு என் வீடு என் உள்ளங்கையில் விடிந்தது.

நான் மிகைப்படுத்துபவள் அல்லள். ஆயினும் அந்தக் கணத்தை வேறு சொல்லால் குறிக்க இயலவில்லை. ஜன்னலின் வெள்ளைத்தாள் கரைந்து, கம்பிகளும் அவற்றுக்கு அப்பால் சாம்பல் நிற வானமும் வந்தன. கூரைச் சட்டங்கள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து நின்றன. சிவப்புத் தரையில் ஜன்னலின் நிழலுரு நீளமாகப் படுத்திருந்தது. எனக்கு வியப்பளித்தது வெளிச்சம் வந்த இடங்கள் அல்ல, வராத இடங்களே. கதவுக்குப் பின்னால் இருக்கவேண்டிய நிழலை அது அப்படியே விட்டிருந்தது. ஒளி எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது, எங்கே போய்ச் சேராது என்ற கணக்கு அதற்குத் தெரிந்திருந்தது. பழைய பாடல்களுக்கு உரை எழுதும் நல்ல உரையாசிரியரும் இவ்வாறுதான் வேலை செய்கிறார். பாடலில் இல்லாததை அவர் சொல்வதில்லை. இருந்தும் நாம் காணாமல் கடந்துபோனதன்மேல் விளக்கைத் திருப்புகிறார்.

அந்த எண்ணம் முடிவதற்குள் படத்தின் ஓரத்தில் ஒரு பெண்ணைக் கண்டு திடுக்கிட்டேன். சமையலறை வாயிலில் கரண்டியும் கையுமாக, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். மூலப்படத்தில் அந்த இடம் வெறும் கருப்பு.

“அம்மா! நேத்து நான் படம் எடுக்கும்போது நீ எங்க இருந்த?”

“இங்கதான். போட்டோல வுழுந்துடக் கூடாதுன்னு மூச்சு கூட வுடாம நின்னுகினு இருந்தேன். கொழம்பு அடி புடிச்சிகிச்சு,” என்றாள் அம்மா. பிறகு எட்டிப் பார்த்தாள். “அய்ய, நைட்டியோட கீறேன்! அழி, அழி.”

நான் அழிக்கவில்லை. கேமரா தவறவிட்ட அம்மாவை அந்தச் செயலி கண்டுபிடித்திருந்தது. கைவளையல் உட்பட எல்லாம் சரியாக இருந்தன. என் ஐயமெல்லாம் அப்போதே தீர்ந்தது. தீர்ந்ததுதான் சிக்கலாயிற்று. அம்மாவை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, டியூப்லைட்டைப் போட்டுக் கூடத்தை மறுபடி எடுத்தேன். டியூப்லைட்டால் சுவரில் ஒரு பச்சைச் சாயல் படர்ந்திருந்தது. ஆகவே, “நிறப் பிசகுகள் இருந்தால் அவற்றையும் சரிசெய்” என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். வந்த படத்தை முழுமையாகப் பார்க்காமல், சமையலறை வாயிலில் யாரும் இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டு தரகர் அண்ணனுக்கு அனுப்பினேன்.

“இது வூடு!” என்று பதில் வந்தது. “மொதல்ல நம்ம பங்கு குரூப்ல போடறேன். அப்பால வெளிய போடலாம்.”

எங்கள் பகுதியில் அதுதான் முறை. காலியாகும் வீட்டைக் கோயில் பங்கு மக்களிடம், அதாவது எங்கள் தேவாலயத்தைச் சேர்ந்த குடும்பங்களிடம், சொன்ன பிறகே வெளியாருக்குச் சொல்வார்கள்.

மாலை ஐந்தரைக்கு முதல் அழைப்பு வந்தது. அம்மாவின் அக்கா, காசிமேட்டிலிருந்து. குரல் தாழ்ந்திருந்தது. “யாரு?” என்றாள்.

“யாருன்னா? நான்தான் பேசறேன்,” என்றாள் அம்மா.

“அது தெரியுது. தவறினது யாருன்னு கேட்டேன். மாதா லைட்டு அணைஞ்சி கீதே!”

எங்கள் கூடத்தில், மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரிகிறது. பங்கில் பல வீடுகளில் உண்டு. இரவும் பகலும் எரியும். இயேசு இறந்த நாளான பெரிய வெள்ளியன்று அணைப்போம். வீட்டில் யாரேனும் இறந்தால், அடக்கம் முடியும்வரை அணைத்து வைப்போம். இந்த இரண்டைத் தவிர வேறு காரணத்துக்கு அதை யாரும் அணைப்பதில்லை. பல்பு எரிந்துபோனால்கூட, கடைக்கு ஓடி வாங்கி மாட்டிய பிறகே அடுத்த வேலை. பங்கு மக்கள் எங்கள் அழகான கூடத்தைப் பார்த்தபோது அவர்கள் கண்ணில் பட்டது கூடமல்ல, அந்தப் பல்பு. நவம்பர் மாதமோ இறந்தோருக்காக வேண்டிக்கொள்ளும் மாதம்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். விளக்கு சுவரில் எரிந்துகொண்டிருந்தது. “எரியுதுக்கா! நல்லாத்தான் எரியுது!” என்றாள்.

நான் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூலப்படத்தில் பல்பின் சிவப்பு சுவரில் ஒரு தட்டளவுக்குப் பரவியிருந்தது. செயலி அதையும் நிறப் பிசகாக எண்ணிச் சுவரை வெளுத்து, அந்தச் சிவப்புக்குக் காரணமான பல்பையும் அணைத்திருந்தது. நான் கேட்டதைத்தான் செய்திருந்தது. பழைய ஏடுகளைப் படியெடுத்தவர்கள் தமக்குப் பழக்கமில்லாத சொல்லைப் பிழையென்று கருதித் திருத்திவிடுவார்கள் என்று கல்லூரியில் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறேன். திருத்தியவரின் கையெழுத்து பெரும்பாலும் மிக அழகாக இருக்கும். இதுவும் அவ்வளவு நேர்த்தியான திருத்தம். ஆத்திரப்பட எனக்குத் தோன்றவில்லை.

இதை அம்மாவுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் அதற்குள் அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. “அண்ணன் வந்துட்டாரா?” என்று எல்லாரும் அப்பாவைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அம்மா அப்பாவை அழைத்தாள். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தாள். வெளியே மழை வலுத்தது. எண்ணூர்ச் சாலையின் மழை எப்படிப்பட்டது என்று இருவருக்கும் தெரியும். லாரிகளுக்கு நடுவே பள்ளம் எங்கே இருக்கிறதென்று தெரியாது.

“அந்த மிஷினு,” என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல், “இருட்டுல நின்ன என்னையே கண்டுபுடிச்சுதே.”

விளக்கம் எனக்குத் தெரியும். இருந்தும், மாதா பல்பு எரிகிறதா என்று நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் படியில் காலடிகள். பக்கத்துத் தெருவில் மீன் விற்கும் அக்கா, கையில் ஜெபமாலையோடு முதலில் ஏறி வந்தார். பின்னால் அவருடைய மகள், பெரிய ஃபிளாஸ்க்கில் காபியோடு. சாவு வீட்டில் அடுப்பு எரியாதல்லவா? இன்னும் நான்கைந்து பேர் படியிலேயே நின்றார்கள். எரியும் பல்பைக் கண்டதும் அக்கா குழம்பிப்போனார்.

“இது எரியுது. அது அணைஞ்சி கீது. எத நம்பறது?”

நான் மறுபடி விளக்கத் தொடங்கினேன். பாதியில், கீழே வண்டி நிற்கும் ஓசை. மழைச்சட்டையிலிருந்து நீர் சொட்ட அப்பா படியேறி, தம் வீட்டு வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்து வெலவெலத்துப்போனார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே, “யாருக்கு இன்னா ஆச்சு?” என்றார்.

மீன்கடை அக்காதான் வாய் திறந்தார்.

“உனக்குத்தாண்ணா.”

முதலில் சிரித்தது அம்மா. சிரித்தபடியே அப்பாவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “போன எதுக்குய்யா ஆஃப் பண்ண?”

“சார்ஜ் இல்ல. லாரிக்காரன் அசைஞ்சாதான வர்றதுக்கு?” என்றார் அப்பா. பிறகு நடந்ததைக் கேட்டறிந்து, ஃபிளாஸ்க்கைச் சுட்டினார். “என் சாவுக் காப்பிய எனக்கே ஒரு கிளாஸ் ஊத்து.”

எல்லாரும் காபி குடித்தோம். அக்காவின் மகள் மட்டும் குடிக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். சமையலறைக்குள் போய் வந்தாள். “போட்டோல இருந்த மாதிரியே கீதும்மா,” என்று மெல்லச் சொன்னாள். திருமணமாகி மாத்தூரில் வாடகைக்கு இருப்பவள். கணவர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வண்ணாரப்பேட்டையில் மொத்தத் துணிக்கடையில் வேலை பார்க்கிறார். அவரும் தினமும் சாலையில்தான் வாழ்கிறார்.

“சாவுக்கு வந்த எடத்துல வூடு பாக்கற பாரு,” என்று அதட்டிய அக்கா, உடனே அம்மாவிடம் திரும்பினார். “வேற யாருக்கும் சொல்லிடலயே?”

“இல்ல.”

“இவ மாமியாருக்குப் புடிக்கணும். அந்தம்மா சகுனம் பாக்கும். அணைஞ்ச போட்டோவ பாத்துச்சுன்னா இந்தச் சந்துப் பக்கமே வராது. பாப்பா, நீ லைட்டு எரியற போட்டோ ஒண்ணு அனுப்பு. நாளைக்குப் பூசைக்கு முன்னாடி. ஆனா இந்த மாதிரியே சோக்கா இருக்கணும்.”

இருண்ட மூலப்படத்தை அனுப்பினால் வீடு கிணறாகிவிடும். வெளிச்சப் படத்தை அனுப்பினால் சாவு வீடாகிவிடும். இரண்டுமல்லாத ஒன்று வேண்டும். தரகர் அண்ணன் பழைய படத்தைக் குழுவிலிருந்து நீக்கி, “வதந்திகளை நம்ப வேண்டாம்” என்று எழுதியிருந்தார்; அதை அவர்தான் பரப்பினார் என்பதைக் குறிப்பிடவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. துறைமுகத்துக் கிரேன்களுக்கு மேலே வெயில் ஏறியதும் ஜன்னலை முழுவதும் திறந்து, டியூப்லைட்டை அணைத்து, கூடத்தைப் படம் எடுத்தேன். செயலியில் இவ்வாறு எழுதினேன்: “மாதா படத்தின் கீழே உள்ள சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதையும் சுவரில் அதன் சிவப்பையும் தொடாதே. மற்ற இடங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் கொடு.” சொன்ன சொல் பிசகாமல் செய்தது. சிவப்பு தட்டளவில் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் விளிம்பு காலை வெயிலில் கரையும் இடத்தைக்கூட அது காட்டியிருந்தது. நேரில் அதை நான் கவனித்ததே இல்லை. படத்தின் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அக்காவின் மகளுக்கு அனுப்பினேன்.

பூசைக்கு முதல் மணி அடித்தபோது பதில் வந்தது. “அத்த சரின்னுட்டாங்க. டிசம்பர்ல பால் காச்சிக்கலாமா?”

அம்மாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, மாதாவைப் பார்த்துச் சிலுவை இட்டுக்கொண்டாள். அப்பா உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். திருவொற்றியூர் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். பிறகு, முந்தைய நாள் மழைச்சட்டைப் பையிலேயே கிடந்த அப்பாவின் கைப்பேசியை எடுத்து, துணியால் துடைத்து, சார்ஜில் போட்டேன்.