கோடரி வந்த வழி

ரொறன்ரோவில் என் பேராசிரியையின் அறையில் அவரும் நானும், கோடரியைக் கண்டெடுத்த அண்ணையும் இருந்தோம். அண்ணையைப் பொய்யர் என்று சிரித்த கூட்டாளிகள் ஒருவரும் வரவில்லை.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, விட்பியில் வீட்டு அத்திவாரம் கிண்டும்போது அந்த இரும்புக் கோடரி அகப்பட்டதாம். ஆயிரம் வருசத்துக்கு முன் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகளுடையது என்றால், கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே எப்படி வந்தது? அவரே புதைத்துவிட்டு எடுத்ததாகக் கூட்டாளிகள் சொன்னார்கள். அந்தச் சொல் பொறுக்காமல்தான் பரிசோதனைக்குத் தன் காசைக் கட்டினார்.

கட்டையான மனிதர். நகக்கண்ணில் சீமெந்து. ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டே பதில் சொன்னார்.

பேராசிரியை ஆங்கிலத்தில் சொன்ன முடிவை, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன நான், சொல்லுக்குச் சொல் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

“கோடரி உண்மையானது அண்ணை. ஆயிரம் வருசம் பழசு. ஆனா துருவுக்கு மேலை, பழம்பொருள் சேர்க்கிற ஆக்கள் பூசுற வார்னிஷ் இருக்கு. ஆரோ ஐரோப்பாவிலையிருந்து கொண்டுவந்து தாட்டிருக்கினம். பிடி போடுற ஓட்டைக்குள்ளை கன வருசத்து மரவேர் வளர்ந்திருக்கு. அதாலை உங்கடை வேலை இல்லையெண்டும் தெரியுது.”

“அப்ப ஆள் உண்மை. வந்த கதைதான் பொய்.”

“ஓம் அண்ணை.”

“நானும் அப்பிடித்தான் தம்பி. ஆற்றையோ பாஸ்போட்டிலை வந்து இறங்கினனான்.” சிரித்தார். பிறகு கைகளைத் துடைத்தார். “உதைத் திருப்பி அனுப்புவினமோ?”

அந்தக் கேள்வியை நான் பேராசிரியையிடம் கொண்டுபோகவில்லை. “இல்லை அண்ணை” என்று நானே சொல்லிவிட்டேன். அது சரியா என்று இன்றும் தெரியாது. அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை, பரிசோதனைக்குப் போன தொளாயிரம் டொலரைப் பற்றிக்கூட.