அண்ணை நட்ட வெள்ளை ஐரிஸ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் நானும் கணவரும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தோம். மேலே வீட்டுக்கார அண்ணையும் அவர் மனைவியான அக்காவும். எங்களுக்கு வெகு முன்னரே இங்கு வந்துவிட்டவர்கள், பிள்ளைகள் இல்லை. அண்ணைக்கு மிசிசாகாவில் வேலை. வீட்டுக்கு வந்தால் பின்வளவுத் தோட்டம்தான்.

அந்த ஓகஸ்டில் அவருக்குத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே இஞ்சித் துண்டுகள் போல மூன்று கிழங்குகள். பியூரிசிமா என்கிற வெள்ளை ஐரிஸ், கலிபோர்னியாவில் உருவான பழைய வகை. கட்டலொக்கில் படத்தைப் பார்த்த நாளிலிருந்தே அவருக்கு அதன்மேல் பைத்தியம். வளவில் நல்ல வெயில் விழுகிற ஒரே இடத்தை அக்கா மிளகாய்க்கென்று வைத்திருந்தார்.

"உதைத் தின்னலாமோ?" என்று கேட்டார் அக்கா.

"பாக்கலாம்," என்றார் அண்ணை.

அந்த இடத்திலேயே மண்ணை மேடாக்கி, கிழங்குகளின் முதுகு வெளியே தெரியும்படி நட்டார். இஞ்சியைப் போலப் புதைத்தால் பூக்காதாம். இந்த ஊர்க் குளிரை அது லேசில் தாங்காது என்பதும் அவருக்குத் தெரியும். நிலம் உறைந்ததும் மூடிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

டிசம்பரில் ஒருநாள் காலை, ஸ்னோ வழித்துக்கொண்டிருந்த அண்ணை டிரைவேயிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

செத்தவீட்டிலும் அக்கா அழவில்லை. சமைத்துக் கொண்டுபோனால் இரண்டு வாய் சாப்பிடுவார். ஜனவரியில், தெருவெல்லாம் கிறிஸ்மஸ் மரங்களை வெளியே எறிந்திருந்த நேரம், எங்கள் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, ஒருக்கா வாறீரோ? அவர் மூட வேணுமெண்டு சொன்னவர்."

இரண்டு மரங்களை வீட்டுக்கு இழுத்து வந்தோம். அக்கா கிளைகளை வெட்ட வெட்ட, நான் பாத்தியின் மேல் அடுக்கினேன்.

வசந்தத்தில் கிளைகளை நீக்கியபோது இரண்டு கிழங்குகள் அவித்த வள்ளிக்கிழங்கு போல நொளுநொளுத்து நாறின. மூன்றாவதில் பச்சை விசிறிபோல இலை விட்டிருந்தது.

ஜூனில் பூத்தது. மூன்று இதழ்கள் மேலே குவிந்து நிற்க, மூன்று கீழே வழிந்தன. வழிந்த இதழ்களின் நடுவே தாடிபோல மெல்லிய மயிர். அப்படியொரு வெள்ளையை நான் கண்டதில்லை.

"அண்ணையின்ரை படத்துக்கு வெட்டித் தரட்டோ, அக்கா?"

"வேண்டாம். பாக்கத்தானே வைச்சவர். நானாவது பாக்கிறன்."

சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்தது. புல்லில் அப்படியே குந்தி, ஓவென்று அழுதார். அவரைப் பிடித்துக்கொண்டு நானும் இருந்தேன். கடைசிப் பூ வாடும்வரை அக்கா தினமும் வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் அதன் பக்கத்தில் நிற்பார்.

அடுத்த வருடம் வீட்டை விற்றுவிட்டு விட்பியில் இருந்த தன் தம்பி வீட்டுக்கு அக்கா போனார். நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அடுக்குமாடிக்கு மாறினோம். ஐரிஸை அக்கா வேரோடு கிண்டிக் கொண்டுபோய்த் தம்பி வீட்டில் நட்டார். அங்கும் ஒருமுறை பூத்ததாம்.

பிறகு வந்த குளிர்காலத்தில் ஸ்னோ குறைவு, குளிர் கடுமை. அக்கா ஒப்பரேஷன் செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கிழங்கை மூட வேண்டுமென்று தம்பி வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஏப்ரலில் எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, அது அழுகிப்போச்சுது."

"வேறை எடுப்பிச்சு நடுவம், அக்கா."

"என்னத்துக்கு? அவர் கையாலை வைச்சது அது ஒண்டுதானே."

அக்கா போனை வைக்கவில்லை. நானும் வைக்காமல் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.