பூசணத்தின் மேல் ரோஸ் கலர்

"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு" என்பார்கள். அந்த வரிசையில் என் பக்கத்து வீட்டு ரத்தினத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அவன் பெயிண்டர். நான் ஆட்டோ ஓட்டுகிறவன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்குமுன், லாட்ஜ் சுவர்களில் படர்ந்த பூசணத்தை மறைக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். மேலாகத் துடைத்து, பட்டி பார்த்து, ரெண்டு கோட் அடித்துவிடுவான். சாரல் முடியும்வரை தாங்கினால் போதும். குத்துக்கல்வலசையில் தன் வீட்டிலும் அதையேதான் செய்தான். நாலு வயது மகள் நிவேதாவின் கட்டிலை ஒட்டிய சுவரில் கரும்புள்ளிகளைப் பார்த்ததும், அவளுக்குப் பிடித்த ரோஸ் கலரை மேலே பூசினான். சாரல் காற்று பிள்ளைக்கு ஆகாதென்று அவன் மனைவி யோகலட்சுமி ஜன்னலைச் சாத்தியே வைத்தாள். துவைத்த ஈரத்துணியையும் அந்த அறையில்தான் காயப்போட்டாள். ஜூலையில் பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

தென்காசி டாக்டர் ஸ்ரீவித்யா தெளிவாகத்தான் கேட்டார். "வீட்டுச் சுவத்துல ஓதம், பூசணம் ஏதாவது இருக்கா?"

"நான் பெயிண்டரு மேடம். போன மாசந்தான் அடிச்சேன். அப்படியெல்லாம் கெடையாது" என்றான்.

கௌரவமாம் கௌரவம்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மருந்துக்கு ரெண்டு நாள் அடங்கும், மறுபடி இழுக்கும். ஒரு சனிக்கிழமை காலை கட்டிலை நகர்த்திப் பார்த்தான். பெயிண்ட் கொப்பளித்து உரிந்து, அடியில் பூசணம் கன்னங்கரேலென்று படர்ந்திருந்தது. அடுக்களையில் இருந்த யோகலட்சுமி வந்து பார்ப்பதற்குள் அழித்துவிட நினைத்தான். கதவைச் சாத்தினான். வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தான். அது போதாதென்று, லாட்ஜ் பாத்ரூம் கழுவ வைத்திருந்த ஆசிட்டையும் அதில் ஊற்றினான்.

புஸ்ஸென்று பொங்கியது. கண் எரிந்து தொண்டை அடைத்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நிவேதா வந்தாள்.

"யப்பா, என்ன நாத்தம்..."

அடுத்த வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

பிள்ளையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தான். "அண்ணாச்சி, வண்டிய எடுங்க!" எடுத்தேன். பின்னால் யோகலட்சுமி, "ஏட்டி, என்னியப் பாருட்டி, கண்ண மூடாதட்டி" என்று கதறிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் அந்தப் பிள்ளையின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

தென்காசி ஆஸ்பத்திரியில், வாளியில் எதையெல்லாம் கலந்தான் என்று கேட்டுக்கொண்டு ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் டாக்டர் வெளியே வந்தார். ரத்தினம் எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னான். "பொய் சொல்லிட்டேன் மேடம். சுவரெல்லாம் பூசணம். நான்தான் பெயிண்ட் அடிச்சு மறைச்சேன்."

"பெயிண்ட் அடிச்ச பெறகு எத்தனை நாளா பாப்பா அந்த ரூம்ல படுக்கா?"

"நாப்பது நாளு."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தா விஷப்புகை. இனிமே கலக்கவே கூடாது. சுவருக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க. சுத்தமாகுற வரைக்கும் பாப்பா அந்த வீட்டுக்கே போகக்கூடாது" என்றார்.

பிள்ளையை இலத்தூரில் அவள் சித்தி வீட்டில் விட்டார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் பாத்ரூம் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்தான். மாஸ்க்கும் கையுறையும் போட்டு, அறைக்கதவைச் சாத்தி, ஜன்னலை விரியத் திறந்து, தூசி பறக்காமல் நனைத்து நனைத்துப் பூச்சைச் சுரண்டினான். சோப்புத் தண்ணீரில் கழுவினான். இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டார்கள். ஈரத்துணி மாடிக் கொட்டகைக்குப் போனது. மூன்று வாரம் சுவர் வெறும் சிமெண்டாகவே காய்ந்தது.

நிவேதா திரும்பி வந்த அன்று நானும் இருந்தேன். அறை வாசலில் நின்றாள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப, உள்ளே கால் வைத்தாள்.

ரத்தினம் அவள் முன்னால் மண்டியிட்டான். "மூச்சு விடு தாயி. இப்ப ஒண்ணும் செய்யாது."

அவள் அவனை நம்பாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். யோகலட்சுமி தலையாட்டிய பிறகுதான் கையை எடுத்தாள். அதுவரை அவனும் மூச்சு விடவில்லை.