தெற்குப் பார்த்த முகப்பு

டொக், டொக், டொக். கல்லுச் சுவரிலிருந்து மரச் சத்தம். சில வருடங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் கேட்டது. இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு வீட்டை, உள்ளே விடாமல் காட்டுவதுதான் என் தொழில். நீங்களும் கால் நோக நின்று, பல் தெரியச் சிரித்து, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர் என்றால், நாம் ஒரே கட்சி.

ஆக்லாந்தில் குடியேறிய ஓர் ஆங்கிலேய வியாபாரி, தன் நாட்டுச் சீமான்களின் கிராமத்து மாளிகைகளை நினைத்துக் கட்டிய வீடு அது. பிற்கால ஜோர்ஜியன் பாணி என்பார்கள். அலங்காரம் குறைவு, அளவுதான் அழகு. நடுவில் கதவு, அதன் மேல் விசிறி விரித்தது போல அரைவட்டக் கண்ணாடி. இரு பக்கமும் யன்னல்கள், எதுகை தப்பாத செய்யுள் போல ஒன்றுக்கொன்று பதில் சொல்லி நிற்கும்.

நிலநடுக்கம் வந்தால் தாங்க வேண்டும் என்று வீட்டின் உட்புறத்தைப் பலப்படுத்தும் வேலை தொடங்கியிருந்தது. முகாமையாளர் ஜோன் என்னை வேலைக்கு எடுக்கும்போதே சொல்லிவிட்டார்: ஓகஸ்ட் முடியும்வரை வெளிப்புறத்தை மட்டும் காட்டிப் பார்ப்போம், வருகையாளர் புத்தகத்தில் குறைகள் நிறைந்தால் கேற்றைப் பூட்டிவிடுவோம். கேற்றோடு என் வேலையும் போகும். என் கணவர் இறந்த பிறகு, ரானுயியில் இருக்கும் என் வீட்டில் பகல் முழுவதும் என்னோடு கதைப்பது ரேடியோ மட்டும்தான். வாரத்தில் மூன்று நாள் முழு வாக்கியங்களாகப் பேச எனக்கு அந்த முற்றம் வேண்டியிருந்தது.

விரல் முட்டி

டெரக் அந்த வீட்டின் தச்சர், பெயின்ற் அடிப்பவரும் அவரே. முதல் நாள் நான் முகப்பைப் பார்த்து, “என்ன அருமையான கல்!” என்று வியந்தேன். அவர் போய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக், டொக். பலகையைக் கற்பாளம் போல வெட்டி, ஈரப் பெயின்றின் மேல் மணலை வீசிக் கல்லாக்கியிருக்கிறார்கள். வாசல் தூண்களும் உள்ளே வெறும் கூடு.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவருக்கு விளங்கிவிட்டது. “எல்லாம் பொய்தான், மிஸஸ் எஸ். ஆனா நேர்த்தியான பொய். வருசா வருசம் அதுக்கு நான்தான் பெயின்ற் அடிக்கிறன்.”

மெலிந்த பெண்

மேல் மாடியில் இடது கோடி யன்னல் பொய் யன்னல். அதன் பின்னால் புகைபோக்கிச் சுவர் வருகிறது. ஆனால் வலது கோடியில் ஒன்று இருந்தால் இடது கோடியிலும் ஒன்று வேண்டுமே! அதற்காகச் சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, பின்னால் கறுப்புப் பூசி வைத்திருக்கிறார்கள்.

கப்பலில் சுற்றுலா வந்த ஒரு அம்மையார் அந்த யன்னலில் ஒரு பெண் நிற்கக் கண்டதாக உறுதியாகச் சொன்னார். வெள்ளை உடுப்பாம். நான் பொறுமையாக விளக்கினேன்: கண்ணாடிக்கும் செங்கல்லுக்கும் நடுவே நான்கு விரல் இடம்கூட இல்லை. அவர் கண்ணை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்படியென்றால் அவள் மிகவும் மெலிந்தவளாகத்தான் இருக்க வேண்டும்.”

ஒரே சொல்

ஜூலையில், இங்கே மாரிக் குளிர் உச்சத்தில் இருக்கும்போது, ஜோன் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே குறை: குளிர். என் விளக்கம் நீளமாம், நின்ற இடம் ஐஸ் பெட்டியாம். ஒருவர் தன் மூக்கைப் படமாகவே வரைந்திருந்தார். மேல் மாடி யன்னல்களைக் கீழ் யன்னல்களைவிடக் குட்டையாக வைத்து வீட்டை உயரமாகக் காட்டிய தந்திரத்தை அரை மணி நேரம் உருகி உருகிச் சொன்னேன். கேட்டவர்கள் நடுங்கியதை ரசனை என்று நினைத்துவிட்டேன். ஜோன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “ஓகஸ்ட் கடைசி வாரம் இந்த வீட்டின் அறங்காவலர்கள் பார்த்து முடிவெடுக்க வருகிறார்கள். வழக்கம் போலச் செய்யுங்கள்.”

திசைகாட்டி

ஆக்லாந்தின் பாபடோயிட்டோயிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. மகளும் மருமகனும், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அம்மாவும். நான் வாயைத் திறக்குமுன் அம்மா போனில் திசைகாட்டியை எடுத்துவிட்டார்.

“ஏங்க, இது தெற்குப் பாத்த வாசலுங்களா?”

“ஓம், தெற்குத்தான்.”

“அய்யோ! யாருங்க இப்படிக் கட்டினது?”

“அம்மா, எல்லா இடத்துலயும் வாஸ்து பேசாதீங்க,” என்றாள் மகள். “ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். இங்கிலாந்தில் வெயில் தெற்கிலிருந்து வரும். நல்ல வீடு தெற்கைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே கட்டுமான ஒழுங்கு. வியாபாரி கதவு, தூண், யன்னல் அளவு எல்லாவற்றையும் கவனமாகக் கொண்டுவந்தார். இந்த நாட்டில் வெயில் வடக்கே போகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அதனால் மாரி முழுவதும் முகப்பில் நிழல்; பாசி; டெரக்கின் தூரிகை. பின்பக்கத்துச் சமையல் குசினிக்கு மட்டும் காலை முதல் மாலைவரை வெயில்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கால் விரல்கள் மரத்துப் போயிருந்ததை உணர்ந்தேன். அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “வாஸ்து கூட வேண்டாங்க. வெயிலப் பாத்துக் கட்டியிருந்தாலே போதும். சரி, அந்த வெயில் இருக்கற பக்கம் கூட்டிட்டுப் போங்க.”

பின்பக்கம்

பின்பக்கத்தைக் காட்டக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். முகப்பின் ஒழுங்கு எதுவும் அங்கே இல்லை. மண்டபத்துக்கு ஒரு பெரிய யன்னல், சாமான் அறைக்கு ஒரு சின்ன யன்னல், படிக்கட்டு போன இடத்தில் சரிவாக ஒன்று. தண்ணீர்க் குழாய்கள் சுவரில் நரம்பு போல ஓடும். கீழே குப்பைத் தொட்டிகள்.

அறங்காவலர்கள் வரும் நாளுக்கு முதல் நாள் அந்த அம்மா கேட்டதிலிருந்து பிறந்த என் யோசனையை டெரக்கிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே தூரிகையைக் கழுவினார். அடுத்த நாள் காலை நான் வந்தபோது தொட்டிகள் இல்லை. பின்சுவர் ஓரமாக வெயிலில் உட்கார இரண்டு நீள வாங்குகள் கிடந்தன.

அறங்காவலர்கள் ஆறு பேரும் வழக்கப்படி முன்வாசலில் போய் நின்றார்கள். “இந்தப் பக்கம் வாங்கோ,” என்று வீட்டைச் சுற்றி நடத்திப் போனேன். ஜோனின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் திரும்பியிருப்பேன். வெயிலில் அவர்களை உட்கார வைத்து, வீட்டுக்குள் யார் எங்கே சமைத்தார்கள், எங்கே ஏறி இறங்கினார்கள் என்பதை யன்னல் யன்னலாகச் சொன்னேன். கோட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அதன் பிறகு பத்தே நிமிடம் முகப்பு. உள்ளே இவ்வளவு கலைந்து கிடந்த வாழ்க்கைக்கு வெளியே இவ்வளவு அமைதியான முகமா என்று அவர்களே வியந்தார்கள்.

தலைவர் வயதானவர், நடக்கத் தடி வேண்டும். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “இத்தனை வருடமாக வருகிறேன், இந்த வீட்டுக்கு ஒரு முதுகு இருப்பது இன்றுதான் தெரியும்.” ஜோன் அவரைக் காரில் ஏற்றிவிட்டு வந்து சொன்னது இன்னும் சுருக்கம்: “செப்டெம்பரிலும் வாங்கோ.”

இப்போது உட்புறமும் திறந்துவிட்டார்கள். நான் இன்னும் வெளியேதான், முகம் குளிரும் வீட்டோடு முதுகுப் பக்கமாகப் போய்த்தான் சிநேகமாக முடியும் என்ற ஒரே பாடத்தை வாரத்தில் மூன்று நாள் ஒப்பித்துக்கொண்டு நிற்கிறேன்.

டெரக் வேலையை விட்டு, வாங்கரே என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருடைய அறை வடக்குப் பார்த்தது.