நலம் கேட்ட குரல்

"சாராயக் கடைக்குப் போற காலை உன்ற போனு புடிச்சு நிறுத்திப்போடுமா கண்ணு?" என்று அம்மா கேட்டாள். குடிநோய்க்கு வெளிநோயாளியாக வந்துபோகிறவர்களைத் தினமும் கைப்பேசி வழியாக விசாரிப்பதுதான் மருத்துவமனையில் என் வேலை என்று அவளிடம் அன்றுதான் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். சமூகப்பணி படித்துக் கோவையில் வேலையும் வாங்கிவிட்டேன். அம்மா கேட்டதற்குச் சிரித்தேன்.

காலையில் கணினியே எல்லோரையும் அழைக்கும். பதிவுக் குரல் கேட்டதும், நன்றாக இருந்தால் ஒன்றை அமுக்க வேண்டும். குடித்திருந்தால், அல்லது குடிக்கத் தோன்றினால், இரண்டை. இரண்டு வந்தால் உடனே நான் பேசுவேன். மென்பொருளோடு வந்த குரல் செய்தி வாசிப்பது போலிருந்தது. அதை எடுத்துவிட்டு, "வணக்கமுங்க, நல்லா இருக்கீங்களா?" என்று என் குரலிலேயே பதிந்தேன். பாதியில் துண்டித்தவர்கள்கூட முழுதாகக் கேட்கத் தொடங்கினார்கள். திரை முழுக்க ஒன்றுகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிங்காநல்லூர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் தவறாமல் ஒன்றை அமுக்குவார். பட்டறையில் அவர் வலிப்பு வந்து விழுந்துவிட்டதாக ஒருநாள் அவர் மனைவி அழைத்துச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்குச் சற்றுத் தள்ளி விழுந்ததால் கை தப்பியது. மறுபடி குடிக்க ஆரம்பித்து, யாருக்கும் சொல்லாமல் தானாகவே ஒரேயடியாக நிறுத்தப் பார்த்ததால் வந்த வலிப்பு என்றார் மருத்துவர். தெரிந்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாம், இன்னொரு முறை வந்தால் உயிரே போகலாம் என்றும் சொன்னார்.

வார்டில் நெற்றித் தையலோடு படுத்திருந்தவரிடம், ஏன் ஒன்றை அமுக்கினீர்கள் என்று கேட்டேன்.

"காத்தால நீங்களே கூப்பிட்டு நல்லா இருக்கீங்களான்னு கேக்கறீங்க. நல்லா இல்லீங்கன்னு எப்படீங்க அம்மணி சொல்றது? மரியாதையா இருக்குமுங்களா?"

"பதிவு பண்ணுன குரலுக்கே, வெச்சுறட்டுங்களான்னு கேட்டுப்போட்டுத்தானுங்க போனை வெக்கும் இந்த மனுசன்," என்றார் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கும் அதே பழக்கம்தான். காய்ச்சலில் கிடந்தாலும், யாராவது கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். அலுவலகம் திரும்பித் திரையைத் திறந்தேன். அத்தனை ஒன்றுகளில் எது நிஜம், எது மரியாதை என்று பிரிக்க வழியே இல்லை. அந்த ஒன்றுகளுக்குப் பின்னால் இன்னும் யார் யார் தனியாக நடுங்கிக்கொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை. ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டு நேரில் வரச் சொன்னேன். சிலர் எடுக்கவில்லை.

மருத்துவரிடம் பேசி, நலம் விசாரிப்பை நீக்கினேன். "குடிச்சிருந்தா, குடிக்கத் தோணுனா ஒண்ணை, இல்லீன்னா ரெண்டை அமுக்குங்க. வைய மாட்டோமுங்க, மருந்து இருக்குது" என்று புதிதாகப் பதிந்தேன். இனி ஒன்று வந்தால்தான் அழைப்பு எனக்கு வரும்; பழைய பழக்கத்தில் யாராவது அதை அமுக்கினாலும் நான் பேசிவிடலாம். பதிவில் என் குரல் ஓரிடத்தில் தடுமாறியது; அப்படியே விட்டேன். வலிப்பு வந்தவர் வீடு திரும்பிய மறுநாள் காலை, முதல் அழைப்பை அவருக்குத்தான் அனுப்பினேன்.